கியர் குமிழுக்கு வந்த விக்கல்

அந்த வருசம் தை மாசம் ரெண்டாவது சனிக்கிழமை, காலையில ஒம்போதே கால் மணி இருக்கும், பீளமேட்டுல ஒரு காலேஜ் மைதானத்துல முப்பத்தொரு பழைய கார் குளிச்சுப் பவுடர் போட்ட மாதிரி வரிசையா நின்னுட்டு இருந்தப்ப, சாகுல் பாயோட ஆஸ்டினுக்கு விக்கல் வந்துச்சு. காருக்குன்னு சொல்றது தப்பு. ஸ்டியரிங் நடுவுல இருக்கற ஹாரன் பட்டனுக்கு. எந்தச் சாமான், எந்த இடம்னு சரியாச் சொல்லிப் பழகினவ நான், மொட்டையாச் சொன்னா எனக்கே பிடிக்காது.

என்ற பேரு கருணாம்பிகை. அந்தப் பேரைச் சொன்னா கோயமுத்தூர்ல ஒருத்தருக்கும் தெரியாது, நட்டு அக்கான்னு கேட்டா நேரா வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுடுவாங்க. எங்கப்பா நூறடி ரோட்டுல வெச்சிருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில இருபத்திரண்டு வயசுல போயி உக்காந்தவ, அப்படியே கல்யாணம் பண்ணிக்க மறந்துட்டேன். மறந்துட்டேன்னு சொல்றது ஒரு பேச்சுக்கு. வந்த மாப்பிள்ளைங்க அத்தனை பேரும் ஏதாவது ஒரு பக்கம் டூப்ளிகேட்டாத் தெரிஞ்சாங்க, நான் என்ன பண்ணட்டும்?

வருசா வருசம் தையில நடக்கற இந்தப் பழைய கார்ப் போட்டியில பெயிண்டுக்கு ஒரு ஜட்ஜு, இஞ்சினுக்கு ஒரு ஜட்ஜு, சீட்டு மெத்தைக்கு ஒரு ஜட்ஜு, சின்னச் சாமானுக்கு நான். ஸ்க்ரூ, வாஷர், கைப்பிடி, கொக்கி, குமிழ், சிகரெட் சாம்பல் தட்டற கிண்ணம், டயர்ல காத்தடிக்கிற இடத்துல இருக்கற துளியூண்டு மூடி, இதெல்லாம் கார் ஃபேக்டரியை விட்டு வந்த அன்னிக்கு இருந்த அதே சாமானா, இல்லை பின்னாடி யாராவது மாத்தினதான்னு பார்த்து, நூத்துல முப்பது மார்க்கை நான் போடணும். கையில ஒரு டார்ச்சு, ஒரு காந்தம், பல் டாக்டர் வாய்க்குள்ள விட்டுப் பார்ப்பாரே அந்தக் குட்டிக் கண்ணாடி, அப்பறம் என்ற வலது கட்டைவிரல் நகம். நகத்தால ஒரு சுரண்டு சுரண்டினா அது எந்த வருசத்துச் சாமான்னு சொல்லிடுவேன். இருபது வருசத்துல ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. பெருமைக்குச் சொல்லலை. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், இப்ப என்ன?

அந்த முப்பத்தொரு காருல கடைசி நம்பரு நாச்சிமுத்துவோட மோரிஸ் மைனர். மனுசன் பம்பு கம்பெனியில, இரும்பை உருக்கி ஊத்தறதுக்கு முன்னாடி மரத்துல மாதிரி செதுக்கிக் குடுக்கற வேலை பார்த்து ரிட்டயர்டானவரு. சம்சாரம் தவறிப்போயி பதினாறு வருசம் ஆச்சு. பதினொரு வருசமாப் போட்டிக்கு வர்றாரு, பதினொரு வருசமும் ஒரே ஒரு மார்க்ல தோத்துப் போறாரு, அந்த ஒரு மார்க்கை வெட்டறவ நான். ஒரு வருசம் வைப்பர் ஸ்க்ரூ தப்பு, ஒரு வருசம் கதவுக் கைப்பிடிக்கு அடியில இருக்கற வாஷர் தப்பு, ஒரு வருசம் கண்ணாடியைப் பிடிச்சிருக்கற கிளிப்பு தப்பு. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் நிக்க வெச்சுத் திட்டுவேன், அவரு கையைக் கட்டிக்கிட்டு, "அப்படிங்களா மேடம், அடுத்த வருசம் சரி பண்ணிடறனுங்க"ன்னு கேட்டுட்டு நிப்பாரு. அந்த அரை மணி நேரத்துக்காக நான் மார்கழி மாசமே போயிப் புதுச்சேலை எடுத்து வெச்சுக்குவேன்னு வெளியில சொன்னா சிரிப்பாங்க. சிரிக்கட்டும். எனக்கு அந்த மனுசனைப் பிடிக்கும்.

இப்ப அவரு பொண்ணு மேகலா ஓசூர்ல இருந்து வந்து உக்காந்துக்கிட்டு, "அப்பா, இந்த வருசம் கப்பு வந்துச்சுன்னா நீ உன் வண்டியைக் கட்டிக்கிட்டு இங்கயே கிட, வரலைன்னா வண்டியைக் குடுத்துட்டு மறுநாளே என்கூடக் கிளம்பணும்"னு சொல்லிடுச்சு. அது பாசத்துல சொன்னதுதான், தனியாக் கெடந்து தயிர்சாதமே தின்னுட்டு இருக்கற அப்பனைப் பார்த்தா எந்தப் பொண்ணுக்கும் மனசு கேக்காது. அவரும் சரின்னு வாக்குக் குடுத்துட்டாரு. இதை என்ற கடையில வந்து சாதாரணமாச் சொல்லிட்டுப் போனாரு, அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை. கள்ள மார்க்குப் போட என்ற கைக்கு வராது, அதனால அந்த வண்டியில இந்த ஒரு வருசமாவது ஒரு தப்பும் இருக்கக் கூடாதுன்னு மருதமலை முருகனுக்கு வேண்டிக்கிட்டு, நடந்தே மலையேறி எறங்கினேன்.

ஆகக்கூடி, அந்தச் சனிக்கிழமை நான் பதைபதைப்போடதான் இருந்தேன். முதல் நம்பரு ஆஸ்டின். ஹாரன் பட்டன்ல நகத்தை வெச்சுக்கிட்டு, "பாய், இது ஒரிஜினலா?"ன்னு கேட்டேன். "சந்தேகமே வேண்டாம்க்கா, பொறந்தப்ப இருந்த பட்டன்"னு அவரு சொன்னாரு. பட்டன் "இக்"குன்னுச்சு.

ஹாரன் சத்தம் வேற, இது வேற. குழந்தை அவசரமாப் பால் குடிச்சுட்டு விக்குமே, அதே தான். பக்கத்துல டீ ஊத்திக்கிட்டு இருந்தவரு திரும்பிக்கூடப் பார்க்காம, "யாரோ நினைக்கிறாங்க பாய், பேரைச் சொல்லுங்க"ன்னாரு. விக்கல் வந்தா யாரோ நம்மளை நினைக்கறாங்க, சரியான பேரைச் சொன்னா டக்குனு நின்னுடும், இது எங்க ஊர்ல தொட்டில் குழந்தைக்கும் தெரிஞ்ச சமாச்சாரம். பாயும் சம்சாரம் பேரைச் சொன்னாரு, துபாயில இருக்கற தம்பி பேரைச் சொன்னாரு, மாமனார் பேரைச் சொன்னாரு, பட்டன் "இக், இக்"குன்னு விடாம விக்குது. கூட்டம் கூடிப்போச்சு. யாரோ ஒரு அம்மா சொம்புல தண்ணி கொண்டாந்து பட்டன் மேல ரெண்டு சொட்டு விட்டுச்சு. கடைசியில பாய் என்னைப் பார்க்காம, காரோட டயரைப் பார்த்துக்கிட்டு, "மேட்டுப்பாளையம் ஸ்டீபன்"னு முனகினாரு. விக்கல் நின்னுபோச்சு.

அப்பவே ஸ்டீபனுக்குப் போனைப் போட்டோம். "ஏனுங்க, உங்க பழைய காரோட ஹாரன் பட்டனை நினைச்சீங்களா?"ன்னு கேட்டா, அவரு, "ஆமாங்க, பல்லு விளக்கறப்ப திடீர்னு ஞாபகம் வந்துச்சு, நல்ல பட்டனுங்க அது, எப்படி இருக்குது, சொகமா?"ன்னு விசாரிக்கிறாரு. நான் பாயைப் பார்த்தேன். பாய், "அக்கா, ஒரு மார்க்குதானே, வெட்டிக்குங்க"ன்னு தலையைச் சொறிஞ்சாரு.

அப்பறம் ஒண்ணு ஒண்ணா ஆரம்பிச்சுச்சு. ஃபியட்டோட சாம்பல் கிண்ணம் விக்குது, ஸ்டாண்டர்டோட கதவுக் கைப்பிடி விக்குது, ஒரு பெரிய ப்ளைமவுத்துல பின்னாடி விளக்கு மூடி ரெண்டும் மாத்தி மாத்தி விக்குது, பதினொரு மணிக்கெல்லாம் அந்த மைதானமே மழை பேஞ்ச மறுநாள் குளத்தாங்கரை மாதிரி ஆயிப்போச்சு. ஆளாளுக்குக் கைவைத்தியம். ஒருத்தரு கைப்பிடியைத் துணியால இறுக்கிப் பிடிச்சு மூச்சை அடக்கப் பார்த்தாரு. ரிட்டயர்டு தாசில்தார் ஒருத்தரு, பயமுறுத்தினா நின்னுடும்னு பூனை மாதிரிப் பின்னாலயே போயி பானட்டுக்குப் பக்கத்துல டமால்னு கையைத் தட்டினதுல, காரோட சொந்தக்காரருக்கு மயக்கம் வந்துடுச்சு, கைப்பிடி பாட்டுக்கு விக்கிட்டே இருந்துச்சு. இன்னொரு ஆளு ஒரு கை சர்க்கரையை எடுத்துக்கிட்டு பெட்ரோல் டேங்க்கைத் திறக்கப் போனான் பாருங்க, நான் போட்ட சத்தத்துல அவனுக்கே விக்கல் வந்து, அவன் பேருக்கு ஒரு தனிக் கூட்டம் கூடிடுச்சு.

காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒருத்தரு வேடிக்கை பார்க்க வந்தவரு, பாவம், வலிய இழுத்துட்டு வந்து ஒரு வைப்பர் மேல ஸ்டெதஸ்கோப்பை வைக்கச் சொன்னாங்க. அவரும் வெச்சுக் கேட்டுட்டு, நாக்கை நீட்டச் சொல்ல முடியாதேன்னு வருத்தப்பட்டுட்டு, மூணு வேளைக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. மருந்துக் கடைக்காரன் சீட்டை வாங்கிப் பார்த்து, "பேஷண்டுக்கு வயசு என்னங்க?"ன்னு கேட்டிருக்கான். "நாப்பத்தெட்டு மாடல்"னு சொன்னதும், "அப்ப பெரியவங்க டோஸே குடுத்துடறேன்"னு எடுத்துக் குடுத்துட்டான்.

ஒம்போது வருசமாப் பேசாம இருந்த ரெண்டு பங்காளிங்க இருந்தாங்க. ஒருத்தரோட கார்ல சைடு கண்ணாடி விக்குது, எந்தப் பேரைச் சொல்லியும் நிக்கலை, கடைசியில வேற வழியில்லாம, நாலு கார் தள்ளி நின்ன அந்தப் பங்காளி பேரைச் சொன்னாரு, நின்னுபோச்சு. அவரு அங்கிருந்து ஓடியாந்து, "என்ற கண்ணாடிதான்னு தெரியும்டா, ஆனா நான் கண்ணாடியை நினைக்கலைடா, உன்னையத்தான் நினைச்சேன், அடச்சே, இது வேற உன் கார்ல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு"ன்னு கட்டிப் பிடிச்சு அழுதாரு. ரெண்டு பேரும் அந்தக் கண்ணாடியிலயே தலையைச் சீவிக்கிட்டு, சாப்பிடப் போயிட்டாங்க.

ஒரு அம்பாசிடரோட கடிகாரம் மட்டும் ரொம்ப நேரம் விக்குச்சு. அதோட சொந்தக்காரரு பேங்க்ல மேனேஜரா இருந்தவரு, பத்திருபது பேரைச் சொல்லிப் பார்த்துட்டுக் கடைசியில செத்துப்போன அவங்கப்பா பேரைச் சொன்னாரு. நின்னுபோச்சு. செத்தவங்க நினைப்பாங்களான்னு கூட்டத்துல யாரோ வாயைத் திறந்தாங்க, டீக்காரரு ஒரு முறை முறைச்சாரு, வாயை மூடிக்கிட்டாங்க. அந்த மேனேஜரு கடிகாரத்துக்குச் சாவி குடுக்கற மாதிரிக் குனிஞ்சுக்கிட்டுக் கண்ணைத் துடைச்சாரு. எனக்கும் ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

இப்ப மார்க்கை எப்படிப் போடறது? கமிட்டித் தலைவர் வரதராஜுலு, எதையும் விதிப்படி செய்யணும்ங்கற ஆளு, வீட்டுல சட்னிக்குக்கூடத் தீர்மானம் போடறவரு, பந்தலுக்குள்ள எல்லாரையும் உக்கார வெச்சு, உப்புமா சாப்பிட்டுக்கிட்டே மூணு விதி எழுதினாரு. விக்கற சாமான் சொந்த வீட்டு ஆள் பேருக்கு நின்னா, அது அந்த வீட்டுச் சாமான், மார்க் உண்டு. வெளியாள் பேருக்கு நின்னா, வெளியில இருந்து வந்த சாமான், மார்க் போச்சு. எந்தப் பேருக்கும் நிக்கலைன்னா, வண்டியே போட்டியில கிடையாது. ஏன் விக்குதுன்னு ஒருத்தரும் கேட்கலை. உப்புமாவுல உப்பு கம்மின்னு மட்டும் ஒரு பேச்சு வந்துச்சு, அதையும் அவரு எழுதிக்கிட்டாரு.

சாயங்காலத்துக்குள்ள ஊரே அதுக்குப் பழகிப்போச்சு. பழைய சாமான் விக்கற கடைங்கள்ல சீட்டு எழுதிக் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. "இந்த வீல் கப்பு வேணுமா? நல்ல கப்பு. சூலூர் பொன்னுசாமின்னு ஒருத்தரு நினைப்பாரு, வாரத்துல ரெண்டு தடவைதான், பெரிய தொந்தரவு இல்லை"ன்னு சொல்லி வித்தாங்க. எங்க தெரு அயர்ன்காரரு அவரோட வண்டிச் சக்கரம் விக்குமான்னு காதை வெச்சுப் பார்த்துட்டு, "நம்மளை யாருங்க நினைக்கப் போறாங்க"ன்னு கொஞ்சம் மனசு விட்டுப் போனாரு. அவரு சம்சாரம் அதைக் கேட்டுட்டு உள்ள இருந்து வந்து விட்ட டோஸுக்கு அப்பறம் அவரு அந்தப் பேச்சையே எடுக்கலை.

ஞாயித்துக்கிழமை காலையில நான் மயில்கழுத்துக் கலர் சேலையில மைதானத்துக்குப் போனேன். கூட்டம்னா கூட்டம், விக்கலைப் பார்க்கறதுக்குன்னே பொள்ளாச்சியில இருந்து ரெண்டு பஸ்ஸு வந்திருந்துச்சு. பத்து மணிக்கு முப்பதாவது கார் முடிஞ்சுது. அதுவரைக்கும் முன்னாடி நின்னது சாகுல் பாயோட ஆஸ்டின்தான், ஹாரன் பட்டனுக்கு ஒண்ணு போயும் பாயோட மொத்த மார்க்கு எல்லாரையும் தாண்டி இருந்துச்சு. நாச்சிமுத்து வண்டிக்கு மத்த ஜட்ஜுங்க போட்டதைக் கூட்டிப் பார்த்தா, என்ற முப்பதும் முழுசாக் கிடைச்சாத்தான் பாயை அரை மார்க்ல தாண்ட முடியும். ஒண்ணு போனாலும் ஓசூர்தான்.

நாச்சிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. பக்கத்துல மேகலா. நான் முட்டி போட்டுக் குனிஞ்சேன், டார்ச் அடிச்சேன், காந்தத்தை வெச்சேன், கண்ணாடியை விட்டேன், நகத்தால சுரண்டினேன். போன வருசம் தப்பா இருந்த சாமான் சரியா இருந்துச்சு, அதுக்கு முந்தின வருசத்துது சரியா இருந்துச்சு, பதினொரு வருசமா நான் திட்டின பதினொண்ணும் அசலா, பதவிசா அந்தந்த இடத்துல உக்காந்திருந்துச்சு. ஒரு சாமான்கூட விக்கலை.

கடைசியா ஓட்டிக் காட்டறதுன்னு ஒண்ணு இருக்கு. ஓனர் ஓட்டணும், நான் பக்கத்து சீட்டுல உக்காந்து, மைதானத்தை ஒரு சுத்துச் சுத்தறதுக்குள்ள உள்ள இருக்கற குமிழ் எல்லாம் வேலை செய்யுதான்னு பார்க்கணும். அந்த ஒரு சுத்துல நான் என்ன பார்ப்பேன்னு உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு? கியர் தடி மேல கருப்பா உருண்டையா ஒரு குமிழ், அது மேல அவரு கை. உளி பிடிச்சுக் காய்ச்ச கை, ஆனா கியரை மாத்தறப்ப தூங்கற குழந்தையைத் திருப்பிப் படுக்க வைக்கற மாதிரி மாத்துவாரு. அவரு ஏறி உக்காந்தாரு, முதல் கியர் போட்டாரு, வண்டி நகர்ந்துச்சு, ரெண்டாவது போடறதுக்குக் கையை வெச்சாரு.

"இக்"குன்னுச்சு கியர் குமிழ்.

வண்டியை நிறுத்திட்டாரு. கூட்டம் ஓடியாந்து சுத்தி நின்னுக்கிச்சு. மேகலா ஜன்னல் வழியாத் தலையை விட்டு, தாத்தா பேரைச் சொல்லுச்சு, பாட்டி பேரைச் சொல்லுச்சு, செத்துப்போன அம்மா பேரைச் சொல்லுச்சு, குமிழ் விடாம விக்குது. அந்தக் கார் அவங்க தாத்தா வால்பாறையில ஒரு எஸ்டேட் டாக்டர்கிட்ட வாங்கினது, அதனால டாக்டர் பேரு, டாக்டர் சம்சாரம் பேரு, கம்பவுண்டர் பேரு, டாக்டர் வீட்டு நாய் பேரு வரைக்கும் சொல்லியாச்சு. சாகுல் பாய் பாவம், தான் ஜெயிக்கறதை மறந்துட்டு, "ஒருவேளை ஸ்டீபனா இருக்குமோ?"ன்னு அவரையும் இழுத்துப் பார்த்தாரு. பொள்ளாச்சி பஸ்ஸுல வந்தவங்க அவங்கவங்க பேரைச் சொன்னாங்க. டீக்காரரு கடைசியில, "கண்டக்டர்"னு சும்மா ஒரு குரல் விட்டுப் பார்த்தாரு. நூத்தி முப்பது பேரு சொல்லியும் நிக்கலை.

வரதராஜுலு கைக்கடிகாரத்தைப் பார்த்துட்டு, "மூணாவது விதிங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. வண்டி போட்டியில இல்லைன்னு எழுதிடட்டுங்களா?"ன்னாரு.

நாச்சிமுத்து ஸ்டியரிங்கைத் தடவிக் குடுத்துக்கிட்டு, "எழுதிக்குங்க. ஓசூரு நல்ல குளுகுளுன்னு இருக்கற ஊருதானுங்களே"ன்னாரு. என்னைப் பார்த்து சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு இருக்கே, அதைவிட அவரு ஓன்னு அழுதிருந்தாத் தேவலை.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. யாரு நினைக்கறாங்க, யாரு நினைக்கறாங்கன்னு ஊரு பூராவும் தேடறமே, இந்தக் குமிழை நினைக்கறதுக்கு வேற யாரு இருக்காங்க? மாவாட்டறப்ப நினைச்சது யாரு? கடையில கல்லாவுல உக்காந்து, போல்ட்டு கேட்டவனுக்கு நட்டை எடுத்துக் குடுத்துட்டு வெறிச்சுப் பார்த்துட்டு இருந்தது யாரு? பன்னண்டு வருசமா இந்தக் குமிழையும் அது மேல இருக்கற கையையும் நினைச்சுக்கிட்டே மூஞ்சி கழுவி, நினைச்சுக்கிட்டே தலை சீவி, நினைச்சுக்கிட்டே தூங்கிப்போன கிறுக்கி யாரு?

சொன்னா வண்டி தப்பிக்கும். சொன்னா இந்த மைதானத்துல என்ற மானம் போகும். வெளியாளுன்னு எழுதினா மார்க்கும் போகும், ஒரு ஓனர் மேல ஆசைப்பட்ட ஜட்ஜுன்னு என்ற இருபது வருசப் பேரும் சேர்ந்து போகும். சொல்லலைன்னா நாளைக்கு இந்நேரம் இந்த மனுசன் ஓசூர்ல இருப்பாரு. அம்பத்தெட்டு வயசுல இப்படி ஒரு சோதனை எந்தப் பொம்பளைக்கும் வரக் கூடாதுங்க. அந்தக் குமிழை நான் அதுவரைக்கும் தொட்டதே இல்லை, மத்த அத்தனை சாமானையும் சுரண்டுவேன், அதைத் தொட மட்டும் கூச்சம். இப்பத் தொட்டேன். கையை வெச்சுக் கண்ணை மூடிக்கிட்டு, "கருணாம்பிகை"ன்னேன்.

நின்னுபோச்சு.

பொள்ளாச்சிக் கூட்டத்துல, "யாருங்க அது கருணாம்பிகை?"ன்னு ஒருத்தன் கேட்டான். "நம்ம நட்டு அக்காடா, வாயை மூடு"ன்னு டீக்காரரு சொல்றது கேட்டுச்சு. மேகலா என்னையப் பார்க்குது, அப்பனைப் பார்க்குது. வரதராஜுலு பேனாவைத் திறந்துட்டு, மூடிட்டு, தொண்டையைச் செருமினாரு. "மன்னிக்கணும், விதியில ஒரு தெளிவு வேணும். பேருக்குச் சொந்தக்காரங்க இந்த வண்டிக்கு வெளியாளுங்களா, சொந்த வீடுங்களா?"

நான் தலை குனிஞ்சு என்ற செருப்போட பக்கிளைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"சொந்த வீடுங்க"ன்னாரு நாச்சிமுத்து. சொல்லிட்டு என்ற பக்கம் திரும்பி, முதல் தடவையா மேடம்னு சொல்லாம, "அப்படித்தானே, அம்மிணி?"ன்னாரு.

கூட்டம் போட்ட விசில்ல எனக்குக் காது அடைச்சுப்போச்சு. மேகலா அழுதுக்கிட்டே சிரிக்குது, சாகுல் பாய் தன்னோட காருக்குப் போட்டிருந்த மாலையைக் கழட்டிக்கிட்டு ஓடியாறாரு, வரதராஜுலு, "முதல் விதிப்படி மார்க் உண்டு, கப்பு மோரிஸ் மைனருக்கு!"ன்னு மைக்குல சொல்றாரு. அவங்க பாட்டுக்குக் குதிக்கறாங்க, நான் அசையலை. என்ற கை இன்னும் அந்தக் குமிழ் மேலதான் இருக்கு. கட்டைவிரல் நகம் பழக்க தோசத்துல தானா ஒரு சுரண்டு சுரண்டுச்சு. அந்தக் காலத்துக் குமிழ்ன்னா பேக்லைட்டுங்கற கெட்டி பிளாஸ்டிக்கு, சில்லுன்னு இருக்கணும். இது சில்லுன்னு இல்லை.

"அடப்பாவி மனுசா, இது மரம்!"ன்னு கத்தினேன். மைக்கு பக்கத்துல இருந்திருக்கு, அவினாசி ரோடு வரைக்கும் கேட்டுச்சாம்.

"கருங்காலிங்க"ன்னாரு அவரு, ரொம்பச் சாந்தமா. "நானே கடைஞ்சதுங்க."

"எப்ப?"

"முதல் வருசமேங்க. அசல் விரிசல் விட்டிருந்துச்சு, பத்திரமா வீட்டுல வெச்சுட்டு இதைப் போட்டுக்கிட்டு வந்தேன். நீங்க எல்லாத்தையும் கண்டுபிடிக்கறவங்கன்னு சொன்னாங்க, இதையும் பிடிச்சுடுவீங்கன்னுதான் நினைச்சேன். பக்கத்துல உக்காந்தீங்க. குமிழைப் பார்க்கவே இல்லைங்க. என்ற கையையே பார்த்துட்டு வந்தீங்க." தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "அதனாலதான் மறு வருசமும் வந்தேன். சும்மா வந்தா ரெண்டு நிமிசத்துல மார்க்கைப் போட்டுட்டுப் போயிடுவீங்களே, அதுக்குத்தான் வருசத்துக்கு ஒரு சாமானைக் கழட்டி வெச்சுட்டு, கையில செஞ்சதை மாட்டிட்டு வந்தனுங்க. அரை மணி நேரம் திட்டுவீங்கல்ல. இந்த வருசம் மத்ததெல்லாம் அசலே மாட்டிட்டேன், இதைக் கழட்ட மட்டும் மனசு வரலைங்க."

எனக்கு வந்த கோவம் இருக்கே! பன்னண்டு வருசம்! இந்த மனுசனுக்குத் தெரிஞ்சுக்கிட்டே நான் பன்னண்டு வருசம் வெறப்பா மூஞ்சியை வெச்சுக்கிட்டு நடந்திருக்கேன், பன்னண்டு சேலை எடுத்திருக்கேன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாப்பத்தாறு வயசுலயே ஜோடியா ஊட்டி போயிட்டு வந்திருக்கலாம். அதைவிட, கருங்காலிக்கும் பேக்லைட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அந்தக் குமிழுக்குப் பன்னண்டு தடவை முழு மார்க்குப் போட்டிருக்கேன். எதுக்கு முதல்ல அழறதுன்னு தெரியாம, ரெண்டுக்கும் சேர்த்தே அழுதேன். அழுதுட்டு, மூக்கைச் சிந்திட்டு, வரதராஜுலுவைப் பார்த்து, "வெட்டுங்க ஒரு மார்க்கை. சின்னச் சாமானுக்கு இருபத்தொம்போது. கப்பு பாய்க்கு"ன்னேன்.

"அக்கா, வேண்டாம்க்கா, நானே டூப்ளிகேட்டு பட்டனோட நிக்கறவன்"னு பாய் கெஞ்சினாரு. நான் ஒரு பார்வை பார்த்தேன், வாங்கிக்கிட்டாரு.

வரதராஜுலு மேகலாவைத் தயங்கித் தயங்கிப் பார்த்து, "அப்ப ஓசூரு..."ன்னு இழுத்தாரு. அந்தப் பொண்ணு என்ற கையைப் பிடிச்சுக் காரை விட்டு எறக்கி, சேலையைச் சரி பண்ணி விட்டுட்டு, "கப்பு வந்தா இங்க இருக்கலாம்னு சொன்னேன். கப்புக்குப் பதிலா ஆளே வந்திருக்கு, அப்பறம் நான் என்ன சொல்ல? தயிர்சாதம் மட்டும் போடாதீங்க அத்தை, அது போதும்"னுச்சு.

திங்கக்கிழமை காலையில ஊர்ல ஒரு சாமானும் விக்கலை. எப்படி வந்துச்சோ அப்படியே போச்சு. பழைய சாமான் கடைக்காரங்க கொஞ்ச நாளு சீட்டைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க, அப்பறம் அவங்களும் விட்டுட்டாங்க.

மாசியில மருதமலையில மாலை மாத்திக்கிட்டோம். சொந்த வீட்டு வண்டி ஓடற போட்டியில ஜட்ஜா இருக்கக் கூடாதில்லையா, நான் எழுதிக் குடுத்துட்டு ஓனர் வரிசைக்கு வந்துட்டேன். கல்யாணம் ஆன மறுவாரமே இவரு வீட்டுல பத்திரமா வெச்சிருந்த அசல் குமிழை எடுத்துத் துடைச்சுக்கிட்டு, விரிசலை ஒட்டிட்டேன், மாட்டிடட்டுமா அம்மிணி, இந்தத் தடவை கப்பு நமக்குத்தான்னு கேட்டாரு. "அந்த மரக் குமிழ் மேல கையை வெச்சீங்க, நடக்கறதே வேற"ன்னுட்டேன். இப்ப என்ற இடத்துக்கு ஒரு இஞ்சினியர் தம்பி வந்திருக்கான், என்னென்னமோ மிசினெல்லாம் வெச்சிருக்கான், நல்லாத்தான் பார்க்கறான், ஆனா நாலு வருசமா அவன் கண்ணுல அது படவே இல்லை. ஒவ்வொரு வருசமும் எங்க வண்டிக்கு முப்பதுக்கு முப்பது போட்டுட்டுச் சந்தோசமாக் கிளம்புவான், நான் கையைப் பிடிச்சு நிறுத்தி, "கண்ணு, கியர் குமிழ் டூப்ளிகேட்டு, ஒரு மார்க்கை வெட்டு"ன்னு, பக்கத்துல நின்னு வெட்ட வெச்சுட்டுத்தான் வண்டியில ஏறுவேன்.